வீட்டுத் திரைக்கு எத்தனை சந்தா?

ஓடிடி தளங்களுக்குச் செல்லும் பணத்தைக் கணக்கிட்டு, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவது எப்படி? காக்ஸ் டவுன் குடும்பம் ஒன்றை மாதிரியாகக் கொண்டு ஒரு பாடம்.

நம் வங்கிக் கணக்கின் மாத அறிக்கையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். மின்கட்டணம், சமையல் எரிவாயு, பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை ஆகியவை நாம் அறிந்து, நினைவில் வைத்துச் செலுத்துபவை. அவற்றுக்கு நடுவே 149, 199, 299, 499 என்று சில சிறு தொகைகளும் இருக்கும். அவற்றை நாம் செலுத்தவில்லை. என்றோ ஒருநாள் அளித்த ஒப்புதலின் பேரில் அவை தாமாகவே கழிகின்றன. திரைப்படத் தளங்களுக்கான சந்தாக்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஒவ்வொன்றும் சிறு தொகை என்பதால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மளிகைக் கடைக்காரர் துவரம் பருப்புக்குப் பத்து ரூபாய் கூட்டினால் காரணம் கேட்கிறோம். ஆறு மாதமாகத் திறந்தே பார்க்காத ஒரு செயலிக்கு மாதம் 499 ரூபாய் போவதைக் கேட்பதில்லை. படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்வது இப்பாடத்தின் நோக்கம் அன்று. செலுத்தும் பணத்துக்கு உரிய பயன் வீட்டிலுள்ள எல்லோருக்கும் கிடைக்கிறதா என்று அளந்து பார்க்கும் முறையைக் கற்பதே நோக்கம்.

ஒரே தளம் ஏன் போதவில்லை?

ஹாட்ஸ்டார் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலும், பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியாவுக்கு வந்தன. சன் நெக்ஸ்ட் 2017-லும் ஜீ5 2018-லும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஆயினும் தமிழ்க் குடும்பங்கள் இவற்றின் பக்கம் பெருமளவில் திரும்பியது 2020-இல்தான். பொது முடக்கத்தால் திரையரங்குகள் மூடிக்கிடந்த அந்த ஆண்டு மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாகப் பிரைம் வீடியோவில் வெளியானது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ படமும் அதே வழியில் வந்தது. வீட்டுக் கூடமே முதல் நாள் முதல் காட்சிக்கு இடமாயிற்று.

திரையரங்குகள் மீண்டும் திறந்த பிறகும் இந்தப் பழக்கம் நீடித்தது. சந்தாதாரருக்குத் தொல்லை தரும் செய்தி ஒன்று இங்குதான் உள்ளது. படங்களின் இணைய உரிமை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே விற்கப்படுகிறது. 2022-இல் வந்த ‘விக்ரம்’ ஹாட்ஸ்டாருக்குச் சென்றது. 2023-இன் ‘ஜெயிலர்’ பிரைம் வீடியோவுக்குச் சென்றது. அதே ஆண்டின் ‘லியோ’வும் அடுத்த ஆண்டின் ‘மகாராஜா’வும் நெட்ஃபிளிக்ஸுக்குச் சென்றன. எனவே ஒரு பெரிய படத்துக்காக ஒரு தளத்தில் சேர்ந்தவர், அடுத்த படத்துக்காக இன்னொன்றில் சேர நேர்கிறது. முதலாவதை நிறுத்த மறந்துவிடுகிறார். சந்தாக்கள் இவ்வாறுதான் பெருகுகின்றன.

காக்ஸ் டவுனில் மொழியும் சேர்ந்துகொள்கிறது

1809-இல் ஆங்கிலேயர் அமைத்த பெங்களூரு தண்டுப் பகுதியின் வழிவந்த குடியிருப்புகளுள் காக்ஸ் டவுனும் ஒன்று. பிரேசர் டவுனுக்கு அண்மையில், பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது. தலைமுறைகளாகத் தமிழர் வாழும் இப்பகுதியில் தமிழோடு கன்னடம், ஆங்கிலம், உருது, தெலுங்கு ஆகியவையும் தெருவில் புழங்குகின்றன. வீட்டில் பாட்டியோடு தமிழும், பள்ளித் தோழரோடு கன்னடமும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசும் குடும்பங்கள் இங்கே இயல்பானவை.

மொழி பல என்றால் திரையின் தேவையும் பலவாகிறது. ‘காந்தாரா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022-இல் வெளிவந்த அப்படத்தின் கன்னட மூலமும் தமிழ் ஒலிப்பதிவும் பிரைம் வீடியோவில் இருந்தன. இந்தி ஒலிப்பதிவு நெட்ஃபிளிக்ஸில் வந்தது. படத்தின் பெயரை மட்டும் பார்த்து ஒரு தளத்துக்குப் பணம் செலுத்தியவருக்குத் தாம் விரும்பிய மொழி அங்கே இல்லாமற்போகலாம். ஆகவே, புதிய சந்தாவுக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தப் படம் அங்கே உள்ளதா? நமக்கு வேண்டிய மொழியில் உள்ளதா? பெரும்பாலான தளங்களில் பணம் செலுத்தும் முன்பே படத்தின் பக்கத்தைத் திறந்து, ஒலி மொழிகளைக் காண இயலும்.

மாதிரிக் குடும்பம்

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காக்ஸ் டவுனில் இரு படுக்கையறை வீடு, ஒரு தொலைக்காட்சி. ஓய்வூதியம் பெறும் பாட்டி, வேலைக்குச் செல்லும் மகனும் மருமகளும், கல்லூரியில் படிக்கும் பேத்தி, பள்ளியில் படிக்கும் பேரன் என ஐவர். அவர்கள் வைத்திருக்கும் சந்தாக்கள் வருமாறு:

1. நெட்ஃபிளிக்ஸ், ஸ்டாண்டர்டு திட்டம்: மாதம் 499 ரூபாய், ஆண்டுக்கு 5,988 ரூபாய்.
2. அமேசான் பிரைம்: ஆண்டுக்கு 1,499 ரூபாய்.
3. ஜியோஹாட்ஸ்டார், பிரீமியம் திட்டம்: ஆண்டுக்கு 1,499 ரூபாய்.
4. தமிழ்த் தொடர்களும் பழைய படங்களும் உள்ள ஒரு தளம்: ஆண்டுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மொத்தம் ஆண்டுக்கு 9,786 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 815 ரூபாய்.

நெட்ஃபிளிக்ஸ், அமேசான் கட்டணங்கள் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தவை. ஜியோஹாட்ஸ்டாருடையவை 2025 பிப்ரவரியில் அத்தளம் தொடங்கியபோது அறிவிக்கப்பட்டவை. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆதலால் வாசகர்கள் தங்கள் கணக்கைப் போடும்போது செயலியில் அன்று காட்டும் தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும். தொகை மாறினாலும் கணக்கிடும் முறை மாறாது.

முதற்படி: பட்டியல் எழுதுதல்

எல்லாச் சந்தாக்களையும் ஒரே தாளில் எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் ஒன்றிரண்டு விடுபட்டுப்போகும். கடந்த 12 மாத வங்கி அறிக்கை, கடன் அட்டை அறிக்கை, யூபிஐ செயலியின் ஆட்டோபே பகுதி, கைப்பேசியின் செயலிக் கடையில் உள்ள சந்தாப் பகுதி ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கழியும் சந்தா மாத அறிக்கையில் எளிதில் சிக்காது. 12 மாதம் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பட்டியலில் ஐந்து விவரங்கள் வேண்டும்: தளத்தின் பெயர், தொகை, அடுத்து கழியும் தேதி, யாருடைய கணக்கிலிருந்து போகிறது, யாருடைய கைப்பேசி எண்ணுக்கு அறிவிப்பு வருகிறது. கடைசி இரண்டும் மிக முக்கியமானவை. வீட்டில் யாருடைய அட்டை அருகில் இருந்ததோ அதைக் கொண்டு சந்தா தொடங்குவது வழக்கம். நம் மாதிரிக் குடும்பத்தில் பேத்திக்கான நெட்ஃபிளிக்ஸ் தொகை பாட்டியின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போகிறது என்று கொள்வோம். பேத்திக்கு அது நினைவில்லை. குறுஞ்செய்தி பாட்டியின் கைப்பேசிக்கு வருகிறது. அது ஆங்கிலத்தில் இருப்பதால் அவர் திறப்பதில்லை. யாரும் ஏமாற்றவில்லை. ஆயினும் ஒருவருடைய ஓய்வூதியம் அவர் பார்க்காத படங்களுக்குச் சென்றுகொண்டிருக்கிறது. பட்டியல் எழுதும் நாளிலேயே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

செல்பேசி அல்லது பிராட்பேண்ட் திட்டத்தோடு ஏதேனும் தளம் இணைத்துத் தரப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தளத்துக்கு ஒருமுறை திட்டத்தின் வழியாகவும், இன்னொருமுறை நேரடியாகவும் பணம் செலுத்தும் வீடுகள் உண்டு.

இரண்டாம் படி: நான்கு வாரக் குறிப்பு

தொலைக்காட்சிக்கு அருகில் ஒரு தாளை ஒட்டி, நான்கு வாரம், யார் எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று குறித்துவர வேண்டும். துல்லியம் தேவையில்லை, அரைமணி நேரக் கணக்கே போதும். கைப்பேசியில் பார்ப்பதையும் சேர்க்க வேண்டும். ‘என்னென்ன படங்கள் அங்கே இருக்கின்றன’ என்பதைத் தளங்கள் விளம்பரம் செய்கின்றன. ‘அவற்றுள் நாம் பார்த்தவை எத்தனை’ என்பதை இந்தத் தாள் மட்டுமே சொல்லும்.

மாதிரிக் குடும்பத்தின் நான்கு வாரக் குறிப்பு இவ்வாறு அமைந்தது என்று கொள்வோம்: நெட்ஃபிளிக்ஸ் 10 மணி நேரம், பிரைம் வீடியோ 12 மணி நேரம், ஜியோஹாட்ஸ்டார் 2 மணி நேரம், தமிழ்த் தளம் 56 மணி நேரம்.

மூன்றாம் படி: ஒரு மணி நேரத்தின் விலை

மாதக் கட்டணத்தைப் பார்த்த மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரம் பார்க்க நாம் கொடுத்த விலை கிடைக்கும்.

நெட்ஃபிளிக்ஸ்: 499 ÷ 10 = ஏறத்தாழ 50 ரூபாய்.
பிரைம் வீடியோ: மாதத்துக்கு 125 ÷ 12 = ஏறத்தாழ 10 ரூபாய்.
ஜியோஹாட்ஸ்டார்: மாதத்துக்கு 125 ÷ 2 = ஏறத்தாழ 62 ரூபாய்.
தமிழ்த் தளம்: மாதத்துக்கு 67 ÷ 56 = ஏறத்தாழ 1 ரூபாய் 20 காசு.

கையில் வைத்திருப்பவற்றுள் எது விலை மிகுந்தது, எது மலிவு என்பது இப்போது தெரிகிறது. ஆண்டுக்கு 1,499 ரூபாய் என்று ஒரே கட்டணத்தில் இருந்த இரண்டு தளங்களுக்கு இடையே ஆறு மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டண அட்டவணையைப் பார்த்து எவராலும் இதைக் கண்டறிய முடியாது.

நான்காம் படி: யாருக்காக?

எண்கள் மட்டும் முடிவு செய்துவிடக் கூடாது. சந்தாக்களைக் குறைக்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் நீக்கப்படுவது எது? பல வீடுகளில் பாட்டியோ தாத்தாவோ பார்க்கும் தளமே நீக்கப்படுகிறது. ‘பழைய படந்தானே, எங்கேயாவது கிடைக்கும்’ என்று இளையவர்கள் சொல்லிவிடுவர். அவரும் மறுத்துப் பேசமாட்டார். மேற்கண்ட கணக்கில் வீட்டிலேயே மிக மலிவாகவும், மிக அதிகமாகவும் பயன்பட்டது அதே தளம்தான். பகல் முழுதும் வீட்டில் தனித்திருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு மணி நேரம், மற்றவர்களின் வார இறுதிப் படத்தைவிடப் பெரிது.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு தளத்துக்கும் எதிரே, அதைப் பார்ப்பவரின் பெயரையும், அது நின்றால் அவருக்கு வேறு வழி உண்டா என்பதையும் எழுத வேண்டும். கல்லூரி மாணவிக்குத் தோழியர் உண்டு, திரையரங்கு உண்டு, கைப்பேசியில் பிற தளங்களைத் தேடும் திறனும் உண்டு. பாட்டிக்கு அந்த ஒரு பொத்தான்தான் தெரியும். மாற்று வழி இல்லாதவரின் தளத்தை ஆண்டு முழுதும் வைத்திருப்பதும், மாற்று வழி உள்ளவர்களின் தளங்களை முறைவைத்து எடுப்பதும் நியாயமான ஏற்பாடு.

கட்டணமில்லா வழிகளையும் இங்கே நினைவில் கொள்ளலாம். பிரசார் பாரதியின் ‘வேவ்ஸ்’ தளம் 2024 நவம்பரில் தொடங்கப்பட்டது. முன்பு பொதிகை என்று அறியப்பட்ட தூர்தர்ஷன் அலைவரிசை, 2024 ஜனவரி முதல் ‘டிடி தமிழ்’ என்ற பெயரில் இயங்குகிறது. உரிமை பெற்ற நிறுவனங்களே யூடியூபில் வெளியிட்டுள்ள பழைய தமிழ்ப் படங்களும் ஏராளம். அவற்றை வீட்டு முதியவருக்குக் காட்டிப் பழக்கிய பிறகே, கட்டணத் தளம் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: திட்டத்தின் அளவு

ஒரே தளத்துக்குள் பல திட்டங்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் கட்டணத்தைக் குறைத்தபோது மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்டு 499, பிரீமியம் 649 என்று அறிவித்தது. ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம், படம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பவையே இவற்றுக்கு இடையிலான முதன்மை வேறுபாடு. மொபைல், பேசிக் இரண்டிலும் ஒரு திரை, ஸ்டாண்டர்டில் இரண்டு, பிரீமியத்தில் நான்கு. மொபைல் திட்டம் தொலைக்காட்சியில் இயங்காது, பேசிக் இயங்கும்.

படங்களின் பட்டியல் எல்லாத் திட்டங்களுக்கும் ஒன்றே என்பதைப் பலர் அறியார். ஒரே தொலைக்காட்சி உள்ள வீட்டில், ஒரே நேரத்தில் இருவர் வெவ்வேறு படம் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் பேசிக் போதும். தொலைக்காட்சி 4கே வகையைச் சேர்ந்தது இல்லையென்றால் பிரீமியத்தின் கூடுதல் துல்லியம் கண்ணுக்கு எட்டாது. பேசிக், பிரீமியம் இரண்டுக்கும் இடையே மாதம் 450 ரூபாய் வேறுபாடு. ஆண்டுக்கு 5,400 ரூபாய்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு ஒரு கணக்கைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பெரிய திட்டம் எடுப்போரும் உளர். 2023 ஜூலை முதல் இந்தியாவிலும் ஒரு கணக்கை ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று நெட்ஃபிளிக்ஸ் கட்டுப்படுத்தியுள்ளது. சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்காகக் காக்ஸ் டவுனில் பெரிய திட்டம் எடுப்பதில் இப்போது பயனில்லை.

விளம்பரமும் திட்டத்தின் ஒரு கூறே. 2025 ஜூன் முதல் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் வருகின்றன; அவற்றை நீக்க ஆண்டுக்கு 699 ரூபாய் தனிக் கட்டணம் என்று அறிவிக்கப்பட்டது. மாதம் 12 மணி நேரம் பார்க்கும் குடும்பத்துக்குச் சில நிமிட விளம்பரம் பெரிய இடையூறா என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். நம் மாதிரிக் குடும்பம் வேண்டாம் என்றே சொல்லும்.

ஆறாம் படி: மாதமா, ஆண்டா?

ஆண்டுச் சந்தா மலிவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது ஆண்டு முழுதும் பார்ப்பவர்க்கு மட்டுமே உண்மை. பிரைம் சந்தா மாதத்துக்கு 299, ஆண்டுக்கு 1,499. ஐந்து மாதம் தனித்தனியே எடுத்தால் 1,495 ரூபாய். எனவே ஆண்டில் ஐந்து மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் ஆண்டுச் சந்தாவும், அதற்குக் குறைந்தால் மாதச் சந்தாவும் இலாபம். ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு 499, ஆண்டுக்கு 1,499 என்று இருந்தது. மூன்று முறை, அதாவது ஒன்பது மாதம் எடுத்தால் 1,497. அங்கே ஒன்பது மாதத்துக்கு மேல் பார்ப்பவருக்கே ஆண்டுச் சந்தா பொருந்தும்.

விதி எளிது: ஆண்டுக் கட்டணத்தை மாதக் கட்டணத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணைவிட அதிக மாதங்கள் பார்ப்போமா என்று நான்கு வாரக் குறிப்பை வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: முறைவைத்து எடுத்தல்

ஒரு படம் வெளியான அன்றே பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர்களுக்கு இது மிகச் சிறந்த வழி. ‘மகாராஜா’ 2024 ஜூன் 14 அன்று திரையரங்குக்கும், ஜூலை 12 அன்று நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது; இடைவெளி நான்கு வாரம். நான்கு வாரம் காத்திருக்க முடிந்தவரால் இன்னும் இரண்டு மாதமும் காத்திருக்க முடியும். மூன்று மாதத்தில் சேரும் படங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் சந்தா எடுத்து, எல்லாவற்றையும் பார்த்து நிறுத்திவிடலாம். உரிமைக் காலம் முடிந்ததும் சில படங்கள் தளத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், குறிப்பை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது.

விளையாட்டுக்கும் இதுவே பொருந்தும். ஐபிஎல் ஏறத்தாழ இரண்டு மாதம் நடக்கிறது. பெங்களூரு அணிக்குச் சிவப்பும் சென்னை அணிக்கு மஞ்சளும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் காக்ஸ் டவுன் தமிழ் வீட்டில் அந்த இரண்டு மாதமும் ஜியோஹாட்ஸ்டார் அவசியம். எஞ்சிய பத்து மாதத்துக்கு அது தேவையா என்பதே கேள்வி.

மாதிரிக் குடும்பத்தின் புதிய கணக்கு

ஏழு படிகளையும் கடந்த பின் அக்குடும்பம் எடுத்த முடிவு இது:

1. தமிழ்த் தளம், ஆண்டு முழுதும்: 800 ரூபாய்.
2. அமேசான் பிரைம், ஆண்டு முழுதும். பொருள்களை வீட்டுக்கு வரவழைக்கவும் பயன்படுவதால்: 1,499 ரூபாய்.
3. நெட்ஃபிளிக்ஸ் பேசிக், ஆண்டில் நான்கு மாதம் மட்டும்: 796 ரூபாய்.
4. ஜியோஹாட்ஸ்டார் சூப்பர், ஐபிஎல் காலத்தில் மூன்று மாதம்: 299 ரூபாய்.

மொத்தம் 3,394 ரூபாய். முன்பு 9,786 ரூபாய். ஆண்டுக்கு 6,392 ரூபாய் மிச்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 532 ரூபாய். எந்தத் தளமும் முற்றிலும் கைவிடப்படவில்லை. பாட்டியின் திரை அப்படியே உள்ளது. நெட்ஃபிளிக்ஸ் சந்தா அவர் கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு மாற்றப்பட்டது.

மிச்சமாகும் தொகை வேறு சிறு செலவுகளில் கரைந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், அதுவும் தானாகவே கழிந்து வேறிடம் சேர வேண்டும். மாதம் 500 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், ஆண்டு முடிவில் 6,000 ரூபாய் அசலும் அதன் வட்டியும் கையில் இருக்கும். பேரனின் பள்ளிப் புத்தகச் செலவில் ஒரு பகுதிக்கு அது உதவும்.

24 மணி நேர அறிவிப்பு

சந்தாக்கள் தாமாகக் கழிவதை முறைப்படுத்த இந்திய ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூனில், கூடுதல் சரிபார்ப்பு இன்றிக் கழியக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, அட்டையின் மீதோ யூபிஐ வழியாகவோ தானியங்கிக் கட்டளையைப் பதிவு செய்யும்போது ஒருமுறைக் கடவுச்சொல் அல்லது யூபிஐ பின் கட்டாயம். அதை உள்ளிடும் நொடியில் நாம் ஒப்புதல் அளிப்பது அந்த மாதத்துக்கு மட்டுமன்று. வரும் மாதங்களுக்கும் சேர்த்தே.

இரண்டாவது, தொகை கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். எந்த நிறுவனம், எவ்வளவு தொகை, எந்த நாள் என்பவை அதில் இருக்கும். முடிவெடுக்க வேண்டிய வேளை அதுவே. இந்த மாதம் இத்தளத்தைத் திறந்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் அப்போதே நிறுத்திவிடலாம்.

மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு தவணையை மட்டும் தவிர்க்கவும், கட்டளையையே முழுதாக நீக்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. இந்த வசதிக்காக வங்கி தனிக் கட்டணம் எதுவும் வாங்கலாகாது.

நான்காவது, தொகை மாறக்கூடிய கட்டளைகளில் உச்ச வரம்பை நாமே குறிக்கலாம். 199 ரூபாய்ச் சந்தாவுக்கு 5,000 ரூபாய் வரம்பு தேவையில்லை. வரம்பு நெருக்கமாக இருந்தால், கட்டணம் உயரும்போது நம்மிடம் மீண்டும் ஒப்புதல் கேட்டாக வேண்டியிருக்கும்.

கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். நிற்காது. தளத்தின் கணக்குப் பகுதிக்குச் சென்று சந்தாவை ரத்து செய்ய வேண்டும். பின்னர் வங்கிச் செயலியிலோ யூபிஐ செயலியிலோ கட்டளை நீங்கிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். செயலிக் கடை வழியாகத் தொடங்கிய சந்தாவை அங்கேயே ரத்து செய்ய வேண்டும்.

ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே மறைப்பதும் சிக்கலாக்குவதும் நுகர்வோர் உரிமை மீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. ‘சந்தாப் பொறி’ அவற்றுள் ஒன்று. இத்தகைய நிலையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

ஓர் எச்சரிக்கை

‘உங்கள் சந்தா நிறுத்தப்பட்டது, உடனே இந்த இணைப்பில் அட்டை விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என்று புகழ்பெற்ற தளங்களின் பெயரில் போலிச் செய்திகள் உலவுகின்றன. எத்தனை சந்தாக்கள் வைத்திருக்கிறோம் என்பதே தெரியாதவர் இவற்றை எளிதில் நம்பிவிடுவார். முதற்படியில் எழுதிய பட்டியல் இங்கே காவலாகவும் நிற்கிறது: பட்டியலில் இல்லாத தளத்திலிருந்து செய்தி வந்தால் அது நமக்கு உரியது அன்று, பட்டியலில் உள்ள தளமே ஆனாலும், கழியும் தேதி வேறு என்றால் ஐயுற வேண்டும். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியை நேரடியாகத் திறந்து பார்ப்பதே பாதுகாப்பு. கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் எவரிடமும் பகிரலாகாது. பணம் பறிபோனதாகத் தெரிந்தால் அக்கணமே வங்கிக்கும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி

கீழ்க்கண்ட வினாக்களுக்குக் குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து விடை எழுதலாம்.

1. நம் வீட்டில் எத்தனை தளங்களுக்குச் சந்தா போகிறது? ஆண்டு மொத்தம் எவ்வளவு?
2. ஒவ்வொன்றும் யாருடைய கணக்கிலிருந்து போகிறது? அவர் அதைப் பார்க்கிறாரா?
3. கடந்த நான்கு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மிக அதிக விலை கொடுத்த தளம் எது? மிகக் குறைந்த விலை கொடுத்தது எது?
4. எந்தத் தளம் நின்றால் வீட்டில் ஒருவருக்கு வேறு வழியே இல்லாமற்போகும்?
5. நாம் எடுத்திருக்கும் திட்டத்தில் எத்தனை திரைகள்? ஒரே நேரத்தில் நாம் பயன்படுத்துபவை எத்தனை?
6. அடுத்த ஆறு மாதத்தில் கழியவிருக்கும் சந்தாக்களின் தேதிகள் யாவை? அவற்றை நாள்காட்டியில் குறித்தோமா?

விடைகளை எழுதிய தாளை வங்கிப் புத்தகத்தோடு வைத்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்தினால் போதும். யூபிஐ செயலியிலோ இணைய வங்கியிலோ தானியங்கிக் கட்டளைகளின் பட்டியலைக் காணத் தெரியாத மூத்த வாடிக்கையாளர்கள், வங்கிக் கிளைக்கு வந்து தங்கள் அட்டையின் மீது உள்ள கட்டளைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வரும்போது நம்பிக்கைக்குரிய ஒரு குடும்பத்தினரை உடன் அழைத்துவந்தால், எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்ய எளிதாக இருக்கும்.